தெருவுக்கு வந்து சேராத செய்தி

2021 நவம்பரில் சென்னையின் தெற்குப் புறநகரில் பத்து உள்ளாட்சி அமைப்புகள் கலைந்து ஒரு மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பரப்பு ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர். ஐந்து மண்டலங்கள், 70 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே சுமார் ஏழு லட்சம் பேர். அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகளைப் பார்க்கிற எவருக்கும் அந்த எண் எவ்வளவு பழசாகிவிட்டது என்பது விளங்கும்.

பழைய தாம்பரம் நகராட்சியின் வார்டுகளையும் பல்லாவரம் நகராட்சியின் வார்டுகளையும் கூட்டினாலே 70ஐத் தாண்டிவிடும். மீதி எட்டு ஊர்களின் மன்றங்கள் தனி. அத்தனை தலைவர்களும் உறுப்பினர்களும் இருந்த இடத்தில் இன்று ஒரு மேயரும் 70 உறுப்பினர்களும். ஒருவர் வார்டில் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு மேல். நிர்வாகம் பெரிதானதால் திட்டங்களும் நிதியும் பெரிதாயின என்பது உண்மை. ஆனால் சிட்லபாக்கத்துக்காரர் தன் ஊர் அலுவலகத்துக்கு நடந்தே போய், தெரிந்த முகத்திடம் “எங்க தெருவுக்கு எப்ப?” என்று கேட்ட காலம் முடிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மாற்று ஏற்பாடு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. புறநகர் உள்ளாட்சி பற்றிப் பேசும்போது சாலை, குடிநீர், குப்பை, வடிகால் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் தகவலைச் சேர்ப்பதில்லை. குடிநீரைப் போலவே அதுவும் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கப்பட வேண்டிய பணி என்று நான் நினைக்கிறேன்.

முதலில், யார் ஆள்கிறார்கள் என்பதே இங்கே எளிதான கேள்வி இல்லை. தாம்பரத்தில் பேருந்து ஏறி வேளச்சேரி போகிறவர் ஒரே சாலையில்தான் போகிறார். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வரை தாம்பரம் மாநகராட்சி. வேங்கைவாசலும் மேடவாக்கமும், நகரத்தின் எல்லா அடையாளங்களும் இருந்தும், ஊராட்சிகளாகவே வளர்ந்தவை. பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பள்ளிக்கரணை வந்தால் பெருநகர சென்னை மாநகராட்சி. 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அது உள்ளே போனது. போகிற சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. வலப்பக்கமும் இடப்பக்கமும் தெரிகிற சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி வனத்துறைக்கு. வழியிலுள்ள ஏரிகளில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தவை நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பழைய பிரிவினை. பல்லாவரம் பக்கம் போனால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் ஒரு கன்டோன்மென்ட் வாரியமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. கம்பத்தில் விளக்கு மாநகராட்சியுடையது, கம்பிக்கு மின்வாரியம்.

இதையெல்லாம் ஒரு குடிமகன் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் ஏன் வந்தது? பள்ளத்தில் விழுந்தவர் முதலில் கேட்க வேண்டியது மருத்துவமனை எங்கே என்பதுதான். நம் புறநகரில் அவர் முதலில் கேட்பது, “இது யாரு ரோடு?” என்று. பதில் தெரியாமல் கொடுத்த மனு, தவறான மேசையில் போய் உட்கார்ந்து, “எங்கள் எல்லைக்குள் வராது” என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறது. 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும், ‘மக்களுடன் முதல்வர்’, ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களும் மனுவை உரிய துறைக்கு அனுப்பும் வேலையைக் கொஞ்சம் எளிதாக்கின. முகாம் முடிந்த மறுநாள் காலையில் அந்தத் தெருவுக்கு நிரந்தரமாக ஒரு வாசல் வேண்டும் என்ற தேவை அப்படியே நிற்கிறது.

அரசியல் சட்டம் இதை முன்பே யோசித்தது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளை அட்டவணை போட்டுக் கொடுத்தது; மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வர 2022 ஜூன் வரை ஆயிற்று. கிராமத்துக்குக் கிராம சபை இருந்தது. ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்த அது, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக உயர்ந்தது. நகரத்து வாக்காளருக்கோ, ஓட்டுப் போட்ட பிறகு உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு பாய்கூடக் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்க நகரப் பகுதிகளில் முதல்முறையாக அது கூடியபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டது தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில். மழைக்காலம். மக்கள் எழுந்து பேசினார்கள். வடிகால், குடிநீர், சாலை என்று பேசினார்கள். ஒரு புறநகர்த் தெருவாசிகள் மைக்கைப் பிடித்துத் தங்கள் வார்டைப் பற்றி முதலமைச்சரிடம் நேராகச் சொன்ன அந்த நாளை நான் முக்கியமான நாளாகவே கருதுகிறேன்.

அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் அந்தக் கூட்டமும் இல்லை, அந்த ஒளியும் இல்லை. விதிப்படி அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். ஆனால் பகுதிப் பிரதிநிதியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை; நியமனம்தான். இதைக் குடிமை அமைப்புகள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்து வந்திருக்கின்றன, நியாயமாக. அதைவிடவும் சின்னதாகத் தோன்றும், அதைவிடவும் ஆழமான குறை ஒன்று உண்டு. கூட்டம் எப்போது, எங்கே என்பது தெருவுக்குத் தெரிவதில்லை. கட்சிக்காரர்களுக்குத் தெரிகிறது. குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளருக்குத் தெரிகிறது. அவரும் சில சமயம் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். வேலைக்குப் போகிற பெண், வாடகைக்கு இருக்கிறவர், கட்டட வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கிறவர் யாருக்கும் அது செய்தியாக வந்து சேர்வதில்லை. சபையில் சொன்ன குறைக்கு மூன்று மாதம் கழித்து என்ன பதில் வந்தது என்பதும் எழுதி எங்கும் ஒட்டப்படுவதில்லை.

செய்தி எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் தண்டோரா. பறையடித்து அறிவிக்க வைக்கப்பட்டவர்கள் யார், அதில் எத்தனை இழிவு கலந்திருந்தது என்பது நாமறிந்ததே. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அந்த வழக்கத்துக்கு முற்றிலும் தடை சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாமே என்று அதற்கான வழியையும் சொன்னார். சரியான முடிவு. இன்று ஆட்டோவில் பதிவு செய்த குரல் வருகிறது. சொத்து வரியை உடனே செலுத்துங்கள், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுங்கள், வீட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், தெருநாய்த் தடுப்பூசி முகாம். நாம் செய்ய வேண்டியவை எல்லாம் அந்த ஆட்டோவில் வருகின்றன. அலுவலகம் செய்யப் போவது, செய்தது, செய்யாமல் விட்டது எதுவும் அதில் வருவதில்லை. மாதம் ஒருமுறை மன்றம் கூடுகிறது, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. என் தெருவுக்கு எத்தனை லட்சத்தில் வடிகால் ஒதுக்கினார்கள் என்பதை அந்த ஆட்டோ ஒருநாளும் சொன்னதில்லை.

நாளிதழ்கள் புறநகரைக் கவனிக்காமல் இல்லை. மாவட்டப் பக்கங்களில் தினமும் ஏதாவது ஒரு மூலையில் தாம்பரமோ குரோம்பேட்டையோ இருக்கும். குண்டும் குழியுமான சாலையின் படம், சங்கத் தலைவரின் பேட்டி, ‘விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற அதிகாரியின் வாக்கு. இந்தப் படத்தால் சரியான சாலைகள் உண்டு. நிருபர்களின் அந்த உழைப்பை மதிக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு இரண்டு மூன்று உள்ளாட்சிகள், காவல், நீதிமன்றம், கோயில் திருவிழா எல்லாமே பொறுப்பு. எழுபது வார்டுகளையும் அவர் எப்படிப் பார்ப்பார்?

சென்னைக்கு இன்னொரு நல்ல மரபும் உண்டு. 1994இல் வின்சென்ட் டிசூசா தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ், வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் பேட்டைப் பத்திரிகை. மாட வீதியில் எங்கே தோண்டியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிப் பிள்ளை பரிசு வாங்கியது, தேர் அன்று எந்தத் தெரு அடைப்பு என்று ஒரு பேட்டையின் வாழ்க்கையையே செய்தியாக்கிக் காட்டியது. மாம்பலம், அடையாறு, அண்ணா நகர் என்று வேறு பேட்டைகளுக்கும் அப்படிப்பட்ட பத்திரிகைகள் வந்தன. உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தில் அவை நின்றன. அந்தச் சூத்திரத்தின் பலவீனமும் அங்கேதான். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் ஆங்கிலம் படிக்கும் வாடிக்கையாளரும் இருக்கும் பேட்டையில் அது வாழும். அனகாபுத்தூர் நெசவாளர் தெருவில், முடிச்சூர் மனைப்பிரிவுகளில் விளம்பரம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? செய்தி எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கே அதை நடத்தும் காசு இல்லை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றோரக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது அந்தச் செய்தி எல்லா ஊடகத்திலும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தத் தெருக்களின் அளவீடு, நோட்டீஸ், மாற்றிடப் பேச்சு எல்லாவற்றையும் தொடர்ந்து எழுத ஒரு நாலு பக்கப் பத்திரிகை இருந்திருந்தால், அங்கிருந்தவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே எடுத்துச் சொல்லக் கொஞ்சம் அவகாசமாவது கிடைத்திருக்கும்.

இந்த வெற்றிடத்தை நிரப்பியது வாட்ஸ்அப் குழு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பல தெருக்களில் இன்று அதுதான் நகராட்சி.

“சார், இன்னிக்கு நம்ம தெருவுக்குத் தண்ணி உண்டா?”

“நேத்து பின் தெருவுக்கு வந்துதாம் அக்கா. நமக்கு நாளைக்கு வரலாம்.”

“வால்வு திறக்கிறவருக்கு போன் போட்டேன், எடுக்கலை.”

“மோட்டார் ரிப்பேர்னு கவுன்சிலர் வீட்ல சொன்னாங்க.”

இந்த நான்கு வரிகளில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வரும் நாள் ஊகம். காரணம் செவிவழி. பொறுப்பானவர் என்று ஒருவர், அவரும் அதிகாரி இல்லை, வால்வைத் திறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. உறுதியான ஒரே தகவல் நிலையம் கவுன்சிலர் வீடு. நல்ல கவுன்சிலர் அமைந்த வார்டில் இது ஓடுகிறது; அமையாத வார்டில் தெரு காய்கிறது. குழுவிலும் எல்லோரும் இல்லை. சொந்த வீட்டுக்காரர்கள்தான் பெரும்பாலும். வாடகைக்காரரைச் சேர்க்கலாமா என்று விவாதம் நடந்த குழுக்கள் உண்டு. தண்ணீருக்கு வரிசையில் நிற்பதில் வாடகைக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் என்ன வேறுபாடு?

நம்மிடையே மிக நன்றாக நடக்கும் ஓர் உள்ளூர்ச் செய்திச் சேவை இருக்கிறது. அதை யாரும் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை. மின்வாரியத்தின் ‘நாளைய மின்தடை’ அறிவிப்பு. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்று ஊர் ஊராக, நகர் நகராக, பல சமயம் தெருப் பெயர்கள் வரை பட்டியல் போட்டு முந்தின நாளே நாளிதழில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து மாவு அரைப்பதை முன்னாலேயே முடிக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுகிறார்கள். தையல்காரர் கொடுக்க வேண்டிய துணியை முந்தின ராத்திரியே தைத்து முடிக்கிறார். கெட்ட செய்திதான். ஆனால் நேரத்துக்கு, துல்லியமாக, தெரு அளவில், பொறுப்பான ஒருவரால் சொல்லப்படுகிற கெட்ட செய்தி. அதனால் யாரும் மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவதில்லை. ஒரு பொதுத்துறை இதைப் பல ஆண்டுகளாகச் செய்ய முடிகிறதென்றால், குடிநீர் திறக்கும் நாளையும் குப்பை வண்டி வரும் நேரத்தையும் ஓர் உள்ளாட்சியால் ஏன் இப்படிச் சொல்ல முடியாது?

தகவல் இல்லாததன் விலை சில நாள் எரிச்சலோடு நிற்பதில்லை. 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது நகர்ப்பகுதியை மூழ்கடித்த கதை ஊரறிந்தது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அந்த ஏரியால் அல்ல. ஆதனூர்ப் பக்கத்திலிருந்து அடையாறு கொண்டுவந்த வெள்ளத்தால், அதற்கு வழிவிட வேண்டிய தாழ்நிலங்களில் எழுந்த மனைப்பிரிவுகளால். அந்த ஆண்டு நவம்பர் நடுவிலேயே ஒருமுறை அந்த வீடுகளில் தண்ணீர் புகுந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னும் பெரிதாக வந்தபோதும், எந்தத் தெருவில் எத்தனை அடி வரும் என்று சொல்லக்கூடிய ஒரு வரைபடமோ ஒரு குரலோ அங்கில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை அரசு கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. இந்து நாளிதழின் அச்சகம் அதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகரில். ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பு வரவில்லை; 1878இல் தொடங்கிய நாளிதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை என்றார்கள். செய்தி அதிகம் தேவைப்பட்ட காலையில் செய்தித்தாளும் புறநகரில் சிக்கிக்கொண்டது.

அதன்பின் அடையாறு அகலமானது, முடிச்சூர்ப் பக்கம் மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. பழையபடி மூழ்குவதில்லை என்று அங்கிருப்பவர்கள் சொல்கிறார்கள். வேலை நடந்ததை மறுக்க முடியாது. மழைநாளில் எந்தக் கால்வாயில் எவ்வளவு ஓடுகிறது என்ற செய்தி மட்டும் இன்றும் தனி ஆர்வலர்களின் வானிலைப் பதிவுகளிலிருந்தும், பாலத்தின் மேல் நின்று யாரோ எடுத்தனுப்பும் காணொளியிலிருந்தும்தான் வருகிறது.

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் தெருவாசிகள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றது அரசுத் தரப்பு. மாநகராட்சித் தெருக்களும் கன்டோன்மென்ட் தெருக்களும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது. காரணம் எது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் குளோரின் அளவு என்ன, மாதிரி எடுத்தது எந்த நாள், முடிவு என்ன என்று வாரம் ஒரு தாள் அந்தந்தத் தெருவில் ஒட்டப்பட்டிருந்தால், மக்கள் ஒருபுறமும் அரசு மறுபுறமும் நின்று வாதிட வேண்டியிருக்காது. அந்தச் சோதனையைச் செய்வதும் எழுதி வைப்பதும் ஏற்கெனவே அலுவலக வேலைதான். வெளியே ஒட்டுவதுதான் பாக்கி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினைந்தாம் நிதிக்குழு மானியத்தைப் பெற இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அரசு விளக்கியது. பல ஆண்டுகள் உயர்த்தாமல் விட்டு ஒரேயடியாக உயர்த்தியதுதான் மக்களைச் சுட்டது. வரி கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். வரி இல்லாமல் ஊர் நடக்காது. பேரூராட்சி வரி கட்டிக்கொண்டிருந்தவர் மாநகராட்சி வரிக்கு மாறும்போது, கூடுதலாகத் தரும் ரூபாய் தன் தெருவில் எதுவாக மாறியது என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஊர் பக்கத்திலேயே இருந்தது. ஆலந்தூர். தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில், அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில், தலைவர் ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவர முனைந்தார். அரசுப் பணம் போதாது. ஒவ்வொரு வீடும் 5,000 ரூபாய், வணிக இடங்கள் 10,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும், பிறகு மாதக் கட்டணம் என்று திட்டம் போட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. குழாய் ஒன்றுகூடப் புதைக்கப்படாத நிலையில், நகராட்சியை நம்பி யார் கட்டுவார்கள்? கட்டினார்கள், பல்லாயிரம் வீடுகள். நலச்சங்கங்களோடு கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, எவ்வளவு செலவு, எங்கிருந்து கடன், எப்போது எந்தத் தெரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்தியாவில் மக்கள் பங்களிப்போடு நடந்த நகர்ப்புறத் திட்டங்களில் அது இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. 2011இல் ஆலந்தூர் சென்னைக்குள் கரைந்தது. தாம்பரத்தின் பல பகுதிகளோ இன்றும் செப்டிக் டேங்க் லாரியை நம்பிக் கிடக்கின்றன. குழாய்க்கு முன்னால் ஆலந்தூர் மக்களுக்குக் கிடைத்தது கணக்கு. அதனால்தான் பணம் வந்தது.

சிட்லபாக்கம் ஏரி இன்னொரு சான்று, வேறு வழியில். அங்கே முதலில் தகவல் சேர்த்தவர்கள் குடியிருப்பாளர்கள். 2019 கோடையில் ஏரி வறண்டு கிடந்தபோது தன்னார்வலர்கள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். எத்தனை ஏக்கராக இருந்த ஏரி எத்தனையாகச் சுருங்கியது, கழிவுநீர் எந்த வாயிலிருந்து வருகிறது என்று ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். அதே ஆண்டில் அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. பத்து ரூபாய் கட்டிக் கேட்டு, முப்பது நாள் காத்திருந்து பெற்ற தாள்கள்தான் அங்கே வாதத்தின் எலும்பு. அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவை எவை என்று சொல்கிறது. அந்தப் பிரிவு ஒழுங்காக நடந்தால் அந்தப் பத்து ரூபாய்க்கே வேலை இல்லை. படித்த, ஓய்வுபெற்ற, நேரமுள்ள சிலர் இருந்ததால் சிட்லபாக்கத்துக்கு வாய்த்தது. அப்படி யாரும் இல்லாத ஏரிகளின் கரையில் குப்பை ஏறிக்கொண்டே போகிறது. பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்ததும் அதன் ஒரு பகுதி குப்பை மேடானதும் பல ஆண்டு அந்த வழியே போய்வந்தவர்கள் கண்ணால் கண்டது.

இன்னும் சின்னச் சேவைகளிலும் இதே கதைதான். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு இலவசம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. இது தெரியாமல், பள்ளியில் சேர்க்கும் வாரத்தில் அலுவலகத்துக்கும் கணினி மையத்துக்கும் அலைந்து, இடையில் ஒருவருக்குப் பணம் கொடுத்து வாங்குகிற தாய்மார்கள் எத்தனை பேர்! சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை என்பது தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் செலவின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போட்டுப் பூங்காவையோ பள்ளிக் கட்டடத்தையோ செய்து தரும் என்பதும் அப்படியே. தெரிந்த தெரு மேலும் நன்றாகிறது, தெரியாத தெரு அப்படியே கிடக்கிறது.

இப்போது சுற்றியுள்ள ஊராட்சிகளை நகர உள்ளாட்சிகளோடு இணைக்கும் முயற்சி மாநிலம் முழுக்க நடக்கிறது. பல ஊர்களில் மக்கள் எதிர்க்கிறார்கள். வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் பொய்யில்லை. மூன்றாவது ஒன்றும் போகிறது: ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை. அதில் வரவு செலவைப் படிக்க வேண்டும் என்பது விதி. மெதுவாகவோ வேகமாகவோ யாரோ ஒருவர் எழுந்து நின்று படித்தார். மாநகராட்சிக்குள் வந்தபின் அவர்கள் வார்டுக் கணக்கை அப்படி யாரும் படித்துக் காட்டப்போவதில்லை, பகுதி சபை இன்றிருக்கும் நிலையிலேயே தொடர்ந்தால். இணைப்பை நான் எதிர்க்கவில்லை. மேடவாக்கம் போன்ற நெருக்கமான ஊரை ஊராட்சி வருமானத்தில் நடத்த முடியாது. இணைக்கும் உத்தரவிலேயே, இழக்கும் சபைக்கு ஈடாக என்ன தருகிறோம் என்பதும் எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெருவுக்குச் செய்தி வரும்படி ஓர் ஏற்பாடு அதற்குள் அமைய வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைத்திருக்கிறோம். அரிசி எவ்வளவு, பாமாயில் எவ்வளவு என்று படிக்கத் தெரிந்தவர் படித்து, தெரியாதவருக்குச் சொல்கிறார். அதே கடைச் சுவரில், அதே உயரத்தில், வார்டுக்கு ஒரு பலகை: குடிநீர் திறக்கும் நாட்கள், கடைசியாக எடுத்த நீர் மாதிரியின் முடிவு, நடக்கும் வேலை, அதன் மதிப்பு, முடிய வேண்டிய தேதி, உதவிப் பொறியாளரின் அலுவலக எண், அடுத்த பகுதி சபையின் நாளும் இடமும். கீழே கொஞ்சம் இடம் விட்டு, சென்ற சபையில் எழுந்த கேள்விகளும் அவற்றுக்கு மாநகராட்சி தந்த பதில்களும், பதில் வராதவற்றுக்கு நேரே காலியான கட்டமும்.